இடித்த ரன்வேயில் இறங்கும் விமானங்கள்

சிகாகோ நகரத்துக்கு 1909-இல் ஒரு கனவு வரைபடம் கிடைத்தது. வரைந்தவர் டேனியல் பர்ன்ஹம் என்ற கட்டடக் கலைஞர். மிச்சிகன் ஏரியின் ஓரமாக வரிசையாகத் தீவுகள், அத்தனையும் மண் கொட்டி உண்டாக்க வேண்டியவை; அவற்றில் பூங்காக்கள், ஜனங்கள் காற்று வாங்க நடைபாதைகள். காகிதத்தில் பிரமாதமாக இருந்தது. காசு என்று வந்தபோது அத்தனையிலும் ஒன்றே ஒன்றுதான் தண்ணீரிலிருந்து எழுந்தது. நார்தர்லி ஐலண்ட் என்று அதற்குப் பெயர். 1933, 34-இல் அங்கே உலகக் கண்காட்சி நடந்தது. கண்காட்சி முடிந்து கொட்டகைகளைப் பிரித்த பிறகு, பூங்காவுக்காகக் கொட்டிய அந்த மண்ணின்மேல் வேறு சிலரின் கண் விழுந்தது.

1948 டிசம்பரில் அங்கே ஒரு சின்ன விமான நிலையம் திறந்தார்கள். சுமார் 3,900 அடி நீளத்தில் ஒரே ஒரு ரன்வே. விமானப் போக்குவரத்துக்காக ஓயாமல் குரல் கொடுத்த பத்திரிகை அதிபர் மெரில் மெக்ஸின் பெயரைப் பிற்பாடு வைத்தார்கள்: மெக்ஸ் ஃபீல்டு. பெரிய ஜெட்டுகளுக்கு அந்த இடம் போதாது. சொந்த விமானம் வைத்திருந்த வியாபாரிகளும், மாநிலத் தலைநகருக்கும் சிகாகோவுக்கும் அலைந்துகொண்டிருந்த அரசியல்வாதிகளும்தான் வாடிக்கைக்காரர்கள். கிழக்கே கடல் மாதிரி ஏரி. மேற்கே எட்டிப்பிடிக்கும் தூரத்தில் உயரக் கட்டடங்கள். அங்கே இறங்குவதென்றால் பைலட்டுகளுக்குக் கொண்டாட்டம். அந்தப் பக்கமே போகாமல், விமானத்தில் கால்கூட வைக்காமல், லட்சக்கணக்கான பேர் அந்த ரன்வேயைத் தங்கள் வீட்டுத் திண்ணை மாதிரி தெரிந்துவைத்துக்கொள்ளும் காலம் ஒன்று வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

தரையில் உட்கார்ந்தபடி விமானம் ஓட்டிப் பழக அன்றைக்கு இருந்த வழி, விமானக் கம்பெனிகளும் ராணுவமும் வைத்திருந்த பெரிய பயிற்சி எந்திரங்கள். ஜன்னலுக்கு வெளியே காட்சி தெரிவதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு வேடிக்கையானது. ஒரு கூடத்தில் சுவர் அகலத்துக்குப் பலகை அடித்து, அதில் ரன்வே, வயல், சாலை, கையால் ஒட்டிய மரங்கள், தீப்பெட்டியைவிடச் சிறிய வீடுகள் என்று ஓர் ஊரையே பொம்மையாகச் செய்துவைப்பார்கள். மேலே வரிசையாக விளக்குகள் கொளுத்தும். பயிற்சி பைலட் கைப்பிடியை அசைக்க அசைக்க, ஒரு டிவி கேமரா அந்தப் பொம்மை ஊரின்மேல் நகரும். அது பார்ப்பதுதான் அவருக்கும் தெரியும். நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் மணல் கொட்டிப் பூங்கா கட்டுகிற அதே வேலை, பட்ஜெட்தான் வேறு. இன்னொரு விமான நிலையத்தில் இறங்கிப் பழக வேண்டுமென்றால் இன்னொரு பலகை வேண்டும். ஊருக்கு ஒரு பலகை யார் அடிப்பது?

இலினாய் மாநிலத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் பலகையே தேவையில்லை என்று ஒரு மாணவர் சொன்னார். புரூஸ் ஆர்ட்விக் என்பது அவர் பெயர். அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் 1975-இல் அவர் கொடுத்த முதுகலை ஆய்வேடு, பறக்கும் விமானத்தின் காட்சியைக் கணினியே உடனுக்குடன் கணக்குப் போட்டுத் திரையில் வரைய முடியும் என்று காட்டியது. பட்டம் கிடைத்தது. ஆய்வேடுகளுக்கு வழக்கமாக நேர்கிற கதிப்படி, அதுவும் அலமாரியில் தூசி படிந்து கிடந்திருக்க வேண்டியது. ஆர்ட்விக்குக்கு எழுதும் கை இருந்ததால் பிழைத்தது. முப்பரிமாணப் படம் வரைவது பற்றி ஒரு கணினிப் பத்திரிகைக்கு அவர் கட்டுரைகள் எழுதினார். ஒருநாள் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து சேதி வந்தது: வாசகர்கள் இந்த புரோகிராமை விலைக்குக் கேட்கிறார்கள்.

விற்பதற்கு அப்படி ஒரு பொருளே கிடையாது! கட்டுரை இருந்தது, ஆசை இருந்தது, சரக்கு இல்லை. 1977-இல் ஆர்ட்விக் சப்லாஜிக் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1980-இன் தொடக்கத்தில் ஆப்பிள் 2 கணினிக்காக அவருடைய ஃப்ளைட் சிமுலேட்டர் வெளிவந்தது. அந்தக் கணினிக்கு 16 கிலோபைட் நினைவகம் இருந்தால் போதும். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை அது. அதற்குள் விமானமும் வேண்டும், உலகமும் வேண்டும். ஆறுக்கு ஆறு என்று 36 கட்டங்கள். அதுதான் மொத்த பூமி. அதில் ரன்வே, கோடு கோடாகக் கொஞ்சம் மலை. எந்த ஊர் என்று கேட்டால் பதில் கிடையாது. ஊர் பேர் இல்லாத அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனி கதவைத் தட்டியது.

மைக்ரோசாஃப்ட். புதிதாக வந்திருந்த ஐபிஎம் பிசிக்கு அதை எழுதித் தரக் கேட்டார்கள். 1982 நவம்பரில் அது கடைக்கு வந்தபோது கட்டம் போட்ட பூமி காணாமல் போயிருந்தது. அதற்குப் பதில் நிஜ அமெரிக்காவின் நான்கு துண்டுகள்: சிகாகோ, சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க்-பாஸ்டன் பக்கம். சுமார் 20 விமான நிலையங்கள். புரோகிராமைத் திறந்ததும் செஸ்னா விமானம் எங்கேயாவது நின்றாக வேண்டுமே? ஆர்ட்விக் அதை மெக்ஸ் ஃபீல்டில் நிறுத்தினார். அடுத்து வந்த பதிப்புகளிலும் பெரும்பாலும் அதே வழக்கம் தொடர்ந்தது. டோக்கியோவிலும் லண்டனிலும் புதுக் கணினி வாங்கிய வீடுகளில் முதல் டேக்-ஆஃப் சிகாகோ ஏரிக்கரையிலிருந்துதான். ஒரு கம்பெனியின் கணினி ஐபிஎம்முக்கு உண்மையிலேயே ஒத்துப்போகிறதா என்று பார்க்க, ‘இதில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓடுமா’ என்று சோதிப்பதே அப்போது ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது. எல்லாம் சரி, அந்த சிகாகோ வரைபடத்தின் தென்கோடியில் ஆர்ட்விக் வைத்திருந்த இன்னொரு விமான நிலையத்தைத்தான் அதிகம் பேர் கவனிக்கவில்லை.

சிகாகோவிலிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் தள்ளி, ஷாம்பெய்ன் ஊரின் வில்லர்டு விமான நிலையம். உலகப் புகழெல்லாம் கிடையாது. ஆர்ட்விக் படித்த பல்கலைக்கழகத்தின் விமான நிலையம், அவ்வளவுதான். நியூயார்க்கின் கென்னடி போன்ற பெருந்தலைகள் இருக்கும் பட்டியலில், வட்டுக்குள் ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணிச் செலவழித்த மனிதர் தன் ஊருக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். என் கணக்கில், இந்தக் கதையின் வித்து அதுதான். இருப்பதிலெல்லாம் பெரிய ஆசை, நம்ம ஊரும் அதில் தெரிய வேண்டும் என்பது. ஆர்ட்விக்குக்குக் கையில் புரோகிராம் இருந்தது, வைத்துக்கொண்டார். வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்?

முதலில் காசு கொடுத்தார்கள். எண்பதுகளின் நடுவில் சப்லாஜிக் எண் போட்ட டிஸ்க்குகளாக அமெரிக்காவின் மற்ற பகுதிகளை விற்றது. பிறகு ஜப்பான், மேற்கு ஐரோப்பா. டிஸ்க் வாங்கிவந்து போட்டால் தரை விரியும். ஆற்றுக்கு ஒரு நீலக் கோடு, நெடுஞ்சாலைக்கு ஒரு கோடு, ரன்வேக்கு ஒரு நாற்கோணம். தன் ஊர் அதில் இருந்தவர்கள் பாக்கியவான்கள். இல்லாதவர்கள் அடுத்த எண்ணுக்குக் காத்திருந்தார்கள். விற்கிற ஊரைத்தான் கம்பெனி வரையும். சந்தை இல்லாத சிற்றூரின் புல் ரன்வேக்கு எந்த டிஸ்க்கிலும் இடம் வராது என்பது மெல்ல மெல்ல உறைத்தது. அந்த நேரம் பார்த்து, கம்பெனியே தன் பட்டறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தது.

நான்காவது பதிப்புக்குத் துணையாக 1990-இல் ஒரு தனிப் பெட்டி வந்தது. விமானத்தையும் நிலக்காட்சியையும் பயனரே மாற்றியமைக்கும் கருவி. கட்டடத்தைப் பட்டியலிலிருந்து பொறுக்கி, திரையில் விமானம் நிற்கும் இடத்தில் வைக்கலாம். ரன்வே போடலாம், சாலை இழுக்கலாம். முடித்துச் சேமித்தால் ஒரு சிறிய ஃபைல். அதை ஃப்ளாப்பியில் போட்டு நண்பருக்குக் கொடுக்கலாம். மோடம் இருந்தால் டெலிபோன் கம்பி வழியாகவும் அனுப்பலாம். 2400 பிட் வேக மோடத்தில் 100 கிலோபைட் போய்ச்சேர ஏழு நிமிடம் பிடிக்கும். நடுவில் வீட்டில் யாராவது போனை எடுத்துவிட்டால் முதலிலிருந்து. எடுத்துத்தான் விடுவார்கள். ஆனாலும் ஃபைல்கள் ஊர் விட்டு ஊர் போயின. வாங்கியவர் காசு கொடுத்ததாகவோ, கொடுத்தவர் கேட்டதாகவோ வழக்கமில்லை. இந்தக் கைமாற்று சூடு பிடித்த வேளையில்தான் கூரை இடிந்தது.

1993-இல் ஐந்தாவது பதிப்பு வந்தது. பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். வெறும் வண்ணப் பட்டைகளாக இருந்த தரைக்கும் சுவருக்கும் இப்போது நிஜப் படங்கள் போர்த்தப்பட்டிருந்தன. பூமிக்கு முறையான அட்சரேகையும் தீர்க்கரேகையும் வந்துவிட்டன. ஆனால் பழைய முறையில் கட்டிய ஊர்கள் இந்தப் புது உலகத்தில் அப்படியே வந்து உட்காரவில்லை. நிலக்காட்சி ஃபைல்கள் பி.ஜி.எல் என்ற புது அவதாரத்துக்கு மாறியிருந்தன. அவற்றுக்குள் என்ன எழுதியிருக்கிறது, எப்படி எழுதுவது என்ற விளக்கம் பெட்டிக்குள் இல்லை. கம்பெனி வாயைத் திறக்கும் என்று காத்திருந்தவர்கள் சிலர். இன்னும் சிலர் பூட்டை உடைக்க உட்கார்ந்தார்கள்.

அந்த வேலையை நினைத்தால் இன்றும் மலைப்பு. ஃபைலைத் திறந்தால் வெறும் எண்கள். பக்கம் பக்கமாக எண்கள். அதில் ஒரே ஓர் எண்ணை மாற்றுவது. சிமுலேட்டரைத் தொடங்குவது. ஏதாவது நகர்ந்ததா, நிறம் மாறியதா, கட்டடம் தலைகீழாக நிற்கிறதா என்று பறந்துபோய்ப் பார்ப்பது. பெரும்பாலும் திரை உறைந்துவிடும். கணினியை அணைத்துப் போட்டு, அடுத்த எண். கல்வெட்டுப் படிப்பவர்கள் செய்கிற காரியம்தான் இது. கல்வெட்டு திரும்பக் கோபித்துக்கொள்ளாது என்பது மட்டுமே வித்தியாசம். இந்த எண் ரன்வேயின் நீளம், இது விளக்கு, இது சுவரின் படம் என்று பலரும் கண்டுபிடித்துச் சொன்னவை சேர்ந்துகொண்டே வந்தன. ஜெர்மனியைச் சேர்ந்த ஓர் ஆர்வலர் ஸ்காஸ்ம் என்ற கருவியை எழுதினார்: சாதாரண எழுத்தில் வரிவரியாகக் கட்டளை கொடுத்தால் அது பி.ஜி.எல் ஃபைலாக மாற்றித் தரும். அடுத்து, எழுத்தே வேண்டாம், மவுஸால் வரைந்தால் போதும் என்று ‘ஏர்போர்ட்’ என்ற இன்னொரு கருவி. பூட்டு திறந்தது. திறந்தவர்கள் முதலில் ஓடியது சொந்த ஊருக்கு.

வேலை இப்படித்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தோளில் கேமரா. ஊர் விமான நிலையத்து வேலியோரம் நின்று ஹேங்கரின் நான்கு சுவர்களையும் நேருக்கு நேராகப் படம் எடுக்க வேண்டும். ஒரு சுவரை மறைத்து யாராவது காரை நிறுத்தியிருப்பார்கள். இன்னொன்றின் குறுக்கே விளக்குக் கம்பம். ஃபிலிமைக் கழுவி, ஸ்கேன் செய்து, காரையும் கம்பத்தையும் புள்ளி புள்ளியாக அழித்து, சாய்ந்து தெரியும் சுவரை நிமிர்த்தி, 256-க்கு 256 புள்ளி அளவுள்ள சதுரத்துக்குள் அடக்க வேண்டும். அதற்குமேல் பெரிய படத்தை அன்றைய சிமுலேட்டர் ஏற்காது. பகலுக்கு ஒரு படம் போதாது. ராத்திரிக்கு அதே சுவர், ஜன்னல்களில் மட்டும் மஞ்சள் வெளிச்சத்தோடு தனியாக. கேன்டீன் போர்டில் உதிர்ந்துபோன ஓர் எழுத்தை, உதிர்ந்தபடியே வைப்பதா, சரிசெய்வதா என்று யோசித்து ஒரு மாலை போகும். உதிர்ந்தபடியே வைப்பவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். எல்லாம் முடிந்து, ஆசையாக விமானத்தை ஏற்றி, ஊரைச் சுற்றி வந்து இறங்கப் பார்த்தால், விமான நிலையம் முழுதும் அந்தரத்தில் நிற்கும்!

தரையின் உயரத்துக்கும் ரன்வேயின் உயரத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் அதுதான் கதி. ரன்வே ஒரு மேடை மாதிரி உயர்ந்து நிற்கும், அல்லது கிணறு மாதிரி பள்ளத்தில் கிடக்கும். இதற்கு மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி, ரேடாரால் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தின் உயரத்தை அளந்தது. அந்த அளவுகள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. நாசா எதற்கோ அளந்ததை வைத்து யாரோ ஒருவர் தன் ஊர்க் குன்றை நேராக்கிக்கொண்டார்.

இதற்குள் மைக்ரோசாஃப்டும் சும்மா இருக்கவில்லை. 1997-இன் பதிப்பில் 3,000 விமான நிலையங்கள் என்றார்கள். இரண்டே ஆண்டில், 20,000-க்கும் மேல். உலகத்தில் அனேகமாக எல்லா ரன்வேயும் பெட்டிக்குள் வந்துவிட்டபோது, வேலியோரம் கேமராவோடு நின்றவர்களின் பிழைப்பு முடிந்தது என்றுதான் தோன்றியிருக்கும். நடந்தது நேர்மாறு. அந்த 20,000-இல் மிகப் பெரும்பாலானவை வெறும் தாரும் வெள்ளைக் கோடும். கட்டடம் இருந்தால் எல்லா ஊரிலும் ஒரே அச்சுக் கட்டடம். வரைபடத்தில் ஊரே இல்லாதபோது வராத எரிச்சல், ஊர் தப்பாக இருக்கும்போது வந்தது. திருத்தக் கிளம்பினார்கள். 2001 பதிப்பின் உயர்ரகப் பெட்டியோடு ஜிமேக்ஸ் என்ற முப்பரிமாணக் கருவியும் சேர்ந்தே வந்ததால், கோபுரம், படிக்கட்டு, ஆன்டெனா வரை செதுக்க முடிந்தது. ஆனால் அந்தப் பதிப்பு கடைக்கு வரும் முன்பே வேறொரு இடி விழுந்தது.

2001 செப்டம்பர் 11. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. வெளியீட்டைத் தள்ளிவைத்து, தங்கள் நியூயார்க்கிலிருந்தும் அந்தக் கோபுரங்களை மைக்ரோசாஃப்ட் எடுத்தது. நிஜத்தில் போனது திரையிலும் போய்விடும் என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது. அதே சமயம் சிகாகோவில் மேயர் ரிச்சர்ட் டேலிக்கு மெக்ஸ் ஃபீல்டின்மேல் பழைய வழக்கு ஒன்று இருந்தது. அந்தத் தீவு பூங்காவாக வேண்டும் என்பது அவர் விருப்பம். பர்ன்ஹமின் கனவும் அதுதானே. 1996-இல் மூடிப் பார்த்தார். எதிர்ப்புக்குப் பணிந்து மறு ஆண்டு திறக்க வேண்டியதாயிற்று. 2001-இல் ஆளுநரோடு ஓர் உடன்பாடு: 2026 வரை விமான நிலையம் நீடிக்கும். அதை உறுதிசெய்ய வேண்டிய சட்டம் வாஷிங்டனில் தேறவில்லை. மேயர் அடுத்த நீதிமன்றத் தேதிக்கோ, அடுத்த கூட்டத்துக்கோ காத்திருக்கவில்லை.

2003 மார்ச் 30, ஞாயிறு. நள்ளிரவு நெருங்கும் நேரம். போலீஸ் காவலோடு புல்டோசர்கள் நார்தர்லி ஐலண்டுக்குள் நுழைந்தன. விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு முன்னறிவிப்பு இல்லை. ரன்வேயின் நடுவே, வரிசையாக, பெருக்கல் குறி வடிவத்தில் பெரிய பெரிய பள்ளங்களைத் தோண்டினார்கள். ரன்வேயில் பெருக்கல் குறி போட்டால் ‘இங்கே இறங்காதே’ என்பது உலகம் முழுக்க பைலட்டுகளுக்குத் தெரிந்த அடையாளம். வழக்கமாகப் பெயின்டில் போடுவார்கள். திங்கட்கிழமை விடிந்தபோது 16 விமானங்கள் நிறுத்தியிருந்த இடத்திலேயே சிறைப்பட்டிருந்தன. பிறகு ஒருநாள் டாக்ஸிவேயிலிருந்தே ஓடி ஏறி அவை தப்பின. பயங்கரவாத அச்சம் என்று மேயர் காரணம் சொன்னார். 2006-இல் நகரம் அபராதமாக 33,000 டாலர் கட்டியது, விமான நிலைய நிதியில் 10 லட்சம் டாலரைத் திருப்பியும் கொடுத்தது. ரன்வே திரும்பவில்லை. திரையில் மட்டும் ஒரு விசித்திரம் நடந்தது.

2003 ஜூலையில் வந்த புதுப் பதிப்பில் மெக்ஸ் ஃபீல்டு அப்படியே இருந்தது. நிஜத்தில் மண்ணாகி நான்கு மாதம். சிமுலேட்டரில் கண்ட்ரோல் டவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தச் சலுகை ஒரு பதிப்போடு சரி. 2006-இன் பதிப்பில் அந்த இடத்தில் ரன்வே இல்லை. திறந்ததும் விமானம் நின்றது வாஷிங்டன் மாநிலத்தின் ஃப்ரைடே ஹார்பர் என்ற தீவு ஊரில். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாசற்படியாக இருந்த இடம் போயேபோய்விட்டது. பழைய ஆட்களுக்கு அது பூர்வீக வீட்டை விற்ற மாதிரி இருந்தது. ஆனால் இதற்குள் அவர்கள் கையில் பத்துப் பதினைந்து ஆண்டுப் பயிற்சி சேர்ந்திருந்தது. பூட்டை உடைத்தவர்கள், சுவரை நிமிர்த்தியவர்கள், குன்றை நேராக்கியவர்கள். அழிந்த ஒரு ரன்வேயைக் கட்ட எவ்வளவு நேரமாகும்? மெக்ஸ் ஃபீல்டு திரும்பி வந்தது. இந்த முறை கம்பெனியிடமிருந்து வரவில்லை.

அந்தச் சந்தோஷம் அடங்குமுன் அடுத்தடுத்து இரண்டு அடி. 2009 ஜனவரியில், சிமுலேட்டரைத் தயாரித்த ஏசஸ் என்ற தன் பிரிவையே மைக்ரோசாஃப்ட் மூடியது. மே மாதம், ஆர்வலர்களின் ஃபைல்கள் குவிந்திருந்த அவ்சிம் என்ற களஞ்சியத்துக்குள் யாரோ புகுந்தார்கள். அங்கே இரண்டு சர்வர்கள். ஒன்றுக்கு மற்றது காப்பு. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்ற கணக்கு. புகுந்தவர் இரண்டையும் அழித்தார். பதின்மூன்று ஆண்டுகளாக உலகம் முழுதுமிருந்து வந்து சேர்ந்த ஊர்கள், விமானங்கள், எழுத்துகள் எல்லாம் ஒரே வீச்சில் போயின. களஞ்சியம் பிற்பாடு மீண்டு எழுந்தது. ஆனால் அன்றைக்கு பிபிசி வரை செய்தியானது. அடுத்த அடி தாக்குதலாக வரவில்லை, இனிப்பு தடவி வந்தது.

2012-இல் ‘மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட்’ என்று புதிதாக ஒன்றை இறக்கினார்கள். அடிப்படைப் பகுதி இலவசம். ஹவாய் தீவுகள் கண்ணுக்கு விருந்து. ஒரே ஒரு நிபந்தனை: வெளியாள் யாரும் எதையும் சேர்க்க முடியாது. ஊர் வேண்டுமென்றால் கம்பெனி வரைந்து விற்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். பிப்ரவரி கடைசி நாளில் வந்தது. ஜூலையில் அதன் வேலையை நிறுத்திவிட்டார்கள். வேறு காரணங்களும் இருந்திருக்கும், ஆனாலும் அந்த ஐந்து மாதக் கணக்கைப் பார்த்து வேலியோரக் கூட்டம் உள்ளூரச் சிரித்திருக்காவிட்டால்தான் ஆச்சரியம். போட்டியாளரான எக்ஸ்-பிளேன் வேறு பாடம் கற்றிருந்தது. 2014 வாக்கில் அது ஒரு வாசலைத் திறந்தது: ஆர்வலர்கள் தங்கள் ஊரைக் கட்டி அனுப்பலாம், தேறினால் அது சிமுலேட்டரோடு சேர்ந்தே எல்லோருக்கும் போகும். ஆயிரக்கணக்கான ஊர்கள் அப்படி உள்ளே போயின. ஃப்ளைட்கியர் என்ற முழு இலவச சிமுலேட்டரோ 1997 முதலே உலகத்தை இப்படிக் கூட்டாகத்தான் கட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் தேவையில்லை என்று ஆக்கிவிடும் ஒன்று அப்போது பிரான்சில் தயாராகிக்கொண்டிருந்தது.

2020 ஆகஸ்ட் 18. அசோபோ ஸ்டூடியோ செய்து மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட புதிய ஃப்ளைட் சிமுலேட்டர். பிங் வரைபடத்தின் செயற்கைக்கோள் படங்களை வைத்து, பூமி முழுவதும். இரண்டு பெட்டாபைட்டுக்கும் மேல் தகவல். 37,000 விமான நிலையங்கள். வீடுகளை எந்திரமே ஊகித்துக் கட்டும். கேமராவோடு வேலியோரம் நிற்க இனி யாருக்கு என்ன வேலை? பூமியே வந்துவிட்டதே என்றார்கள். சில நாட்களில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு படம் பரவியது.

மெல்பர்னின் ஃபாக்னர் என்ற புறநகரில், ஓட்டு வீடுகளுக்கு நடுவே, ஊசி மாதிரி வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு கட்டடம். 212 மாடி. நிஜத்தில் அங்கே அப்படி எதுவும் இல்லை. துப்புத் துலக்கினால், யாரும் திருத்தலாம் என்று திறந்திருக்கும் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில், ஒரு மாணவர் ‘2 மாடி’ என்று தட்ட வேண்டியதை 212 என்று தட்டியிருக்கிறார். வரைபடம் திருத்தப்பட்டது, எந்திரம் பழைய பிரதியை நம்பிக் கட்டிவிட்டது. லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனை அலுவலகக் கட்டடம் போல நின்றது. ராணி ஒன்பது மணிக்கு கார்டு போட்டு வேலைக்குப் போவார் போலிருக்கிறது என்ற மாதிரி ஆகிவிட்டது. அந்த 37,000 விமான நிலையங்களில் கம்பெனி கையால் செதுக்கியவை எத்தனை? சாதாரணப் பெட்டியில் 30. மிக விலையுயர்ந்த பெட்டியில் 40.

மீதி 36,960 ஊர்களிலும் யாராவது ஒருவர் கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வேலையைத் தொடங்கினார்கள். இப்போது ஃபிலிம் கழுவ வேண்டியதில்லை, பூட்டு உடைக்க வேண்டியதில்லை. கருவி சிமுலேட்டருக்குள்ளேயே இருந்தது. ஆனால் வேலியோரம் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது, அந்த கேன்டீன் போர்டுக்காக. சிமுலேட்டரும் அவர்களுக்கென்று ஒரு காலி ஃபோல்டர் வைத்திருந்தது. பெயர் ‘கம்யூனிட்டி’. டவுன்லோடு செய்த ஜிப்பைப் பிரித்து அதற்குள் போட்டால் போதும். அடுத்த முறை திறக்கும்போது ஊர் முளைத்திருக்கும். கூடவே ஒரு சின்ன எழுத்து ஃபைல், தொண்ணூறுகளில் இருந்த அதே வழக்கம்: இது இலவசம், யாரும் விற்க வேண்டாம், பிழை இருந்தால் சொல்லவும்.

சிமுலேட்டர்காரர்கள் ‘ஃப்ரீவேர் சீனரி’ என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, பத்து நொடியில் இறக்கிப் போட்டுவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் பறக்கப் போகும் பொருள் இதுதான்.

அப்படி முளைத்தவற்றில் மெக்ஸ் ஃபீல்டும் உண்டு. இந்த முறை கட்டுவது கொஞ்சம் விநோதமான வேலையாக இருந்தது. செயற்கைக்கோள் படத்தில் அந்தத் தீவு இப்போது பூங்கா: புல், மரம், நடைபாதை, இசை நிகழ்ச்சி மேடை. டேலி கேட்டது, பர்ன்ஹம் வரைந்தது. ஆகவே முதல் வேலை பூங்காவை அழிப்பது. எந்திரம் நட்ட மரங்களை நீக்க எல்லை வரைந்து, புல்லை மூடி, தரையைச் சமமாக்கி, அதன்மேல் 3,900 அடிக்குத் தார். டெர்மினல் கட்டடத்தை வைக்க இடம் தேட வேண்டியதில்லை. புல்டோசர்கள் அதைத் தொடவில்லை, பூங்காவுக்கு வருகிறவர்களை வரவேற்றபடி நிஜத்திலும் அது அங்கேயேதான் நிற்கிறது, எதிரே ரன்வே இல்லாமல்.

தெற்கு முனையில் வெள்ளை பெயின்டில் 36. அதன்மேல் ஒரு செஸ்னா, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க. வலது பக்கம் ஏரி, இடது பக்கம் முன்னால் சிகாகோவின் கட்டடங்கள். 1982-இல் அவை நான்கு நிறத்தில் சில கோடுகளாக இருந்தன.